தைரியம் செகண்ட் சர்வீஸில் இருக்கிறது

ஜூனியர் டென்னிஸ் போட்டி நடக்கும் எந்த மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். கம்பிவலைக்கு வெளியே பெற்றோர் கூட்டம் நிற்கும். உள்ளே பன்னிரண்டு வயசுப் பிள்ளை டபுள் ஃபால்ட் செய்ததும் "தைரியமா ஆடு கண்ணு", "நம்பிக்கையோட அடி சாமி" என்று குரல்கள் எழும். அடுத்த பந்தும் வலையில் போய் விழும். மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அலைகிற அம்மா நான். அந்தக் கத்தலைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வந்து பார்த்ததில்லை.

அவிநாசியில் சேவூர் ரோட்டுப் பக்கம் சின்னதாகப் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். புதுசாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஓவர்லாக் மெஷினைக் கண்டாலே கை உதறும். பெடலில் கால் வைத்ததும் துணி தாறுமாறாக ஓடி, பீஸ் டேமேஜ் ஆகிவிடும். அவளை உட்கார வைத்து "உன்னால முடியும்" என்று பேசுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, அதில் நம்பிக்கையும் இல்லை. கட்டிங் வேஸ்ட்டை அள்ளிக் கொடுத்து நேர்த்தையல் போடச் சொல்வேன். ஒரு மூட்டை தைத்து முடிப்பதற்குள் பயம் போயிருக்கும். எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. டென்னிஸில் அந்த வேஸ்ட் துணித் தையலுக்குச் சமமானது செகண்ட் சர்வீஸ்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வீஸ் போடுகிறவருக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் அது டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. முதல் பந்து வெளியே போனதும் பயந்த பிள்ளை இரண்டாவதை மெதுவாகத் தட்டிவிடப் பார்க்கும். கை பாதியில் நின்றுவிடும். பந்து வலையில் விழும். தப்பித் தாண்டினாலும் எதிராளி ஓங்கி அடிக்க வாகாகப் போய் உட்காரும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. கையை முழுசாக வீசி, பந்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து அடிக்க வேண்டும். அப்போதுதான் பந்து முன்பக்கமாகச் சுழன்று, வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போய், சட்டென்று இறங்கிக் கட்டத்துக்குள் விழும். கையை வேகமாக வீசினால்தான் பந்து உள்ளே விழும் என்பதை வாயால் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. கூடை கூடையாகப் போட்டுப் பார்த்து அதுவாக நம்ப வேண்டும்.

என் மகளுக்குக் கோளாறு இன்னும் முன்னால், பந்தைத் தூக்கிப் போடுவதிலேயே இருந்தது. கோச் ஒரு காரியம் செய்யச் சொன்னார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, முன்காலுக்குக் கொஞ்சம் முன்னால் நூல் சுற்றி வரும் காலிக் கோன் ஒன்றை நிறுத்த வேண்டும். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு, அடிக்காமல் விட்டுவிட வேண்டும். விழுகிற பந்து கோனைச் சாய்க்க வேண்டும். நம்மூரில் கோனுக்கா பஞ்சம்? சாயங்காலம் யூனிட் வாசலில் அதே வேலையாகக் கிடந்தாள். செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். இன்று அவள் எத்தனை மேட்ச் ஜெயிக்கிறாள் என்பது வேறு கதை. 30-40ல், அந்தப் பாயிண்ட் போனால் கேமே போய்விடும் நிலையில், இரண்டாவது பந்தைப் போடும்போது என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது போதும்.

பெரிய சர்வீஸ் இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று நினைப்பவர்கள் இந்திய வீரர் ரமேஷ் கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சர்வீஸைக் கண்டு எதிராளி யாரும் நடுங்கியதில்லை. 1989 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது சுற்றில், உலகின் முதல்நிலை ஆட்டக்காரரும் நடப்புச் சாம்பியனுமான மேட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். அதன் பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் சீடிங் (போட்டித் தரவரிசை) பெற்ற ஒருவரை இந்திய ஆண் வீரர் வீழ்த்த 35 வருஷம் ஆனது. 2024ல் சுமித் நாகல் அதைச் செய்தார். அதற்குச் சில மாதம் முன்புதான் தன் வங்கிக் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய் அளவே மிச்சம் என்று அவர் சொல்லியிருந்தார்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்பும் ஆள் மேகி அமிர்தராஜ். அவர் சென்னையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். ஷிப்மென்ட் நாளில் பெட்டி வராவிட்டால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு நடுவில் மூன்று பையன்களை டென்னிஸுக்கு வளர்த்தார். நடுப்பையன் விஜய் நுரையீரல் நோயாளி, ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்த பிள்ளை. அவனுக்குப் பதிலாக அம்மாவே பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்து பாடம் எழுதிவந்தார். அந்தப் பிள்ளைதான் 1973ல், 19 வயதில், விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் காலிறுதி ஆடினார். வேலி ஓரம் நின்று கத்துகிற நேரத்தில் நாம் செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கிறது. கூடையில் பந்து பொறுக்கிப் போடலாம். தோற்று வந்த பிள்ளைக்கு வீடு வரும்வரை ஸ்கோரைப் பற்றிப் பேசாமல் பரோட்டா வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனால் கூடை கூடையாகப் பந்து போட இடம் வேண்டுமே. டென்னிஸ் கோர்ட் என்றாலே நம் பக்கத்தில் கிளப் காம்பவுண்டுக்குள் இருக்கிற சங்கதி. டைலர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த கேட் திறக்காது. பணம் கட்டுகிற பிள்ளைக்கு மட்டும் தன்னம்பிக்கை கிடைக்கும் என்றால், அதைப் பற்றி மேடையில் பேசுவதில் அர்த்தமில்லை. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத் தண்ணீருக்குத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஊர்க்காரர்கள் நாம். இதற்கும் அப்படிக் காத்திருக்க முடியாது.

அதனால் கோர்ட் கேட்கவில்லை, பந்தடித்துப் பழக ஒரு சுவர் கேட்கிறேன். எத்தனையோ கம்பெனிகளின் பின்பக்கம் பத்தடிக் காம்பவுண்டுச் சுவரும் சிமெண்ட் தரையும் கிடக்கின்றன. லாரி நிற்காத நேரத்தில் அவை சும்மாதான் இருக்கின்றன. டென்னிஸ் வலையின் நடு உயரம் மூன்றடி. அந்த உயரத்தில் சுவரில் ஒரு வெள்ளைக்கோடு போடுங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை தொழிலாளர் பிள்ளைகளுக்கு கேட்டைத் திறந்துவிடுங்கள், முதலாளிகளே. பந்து நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.