கதவைத் திறப்பது யார்?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பகுதியில், கண் பார்வையற்ற ஒரு பெண் வேலைக்குப் போக வாடகைக் காரை அழைக்கிறார். கார் வருகிறது. டிரைவர் அவருடைய வழிகாட்டி நாயைப் பார்க்கிறார். ஏற்ற மறுத்துப் போய்விடுகிறார். ஒரு தடவையல்ல, 14 தடவை! வேலைக்கு நேரம் தவறியது. கடைசியில் வேலையே பறிபோனதற்கும் இது ஒரு காரணம் என்று அவர் வழக்காடினார்.

2021ல் தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவையும் சேர்த்து சுமார் 11 லட்சம் டாலர் கொடுக்கும்படி ஊபர் கம்பெனிக்கு நடுவர் உத்தரவிட்டார். கம்பெனி சொன்ன வாதம் என்ன? டிரைவர்கள் தன்னுடைய தொழிலாளர்கள் அல்லவாம், தனித்தனி காண்டிராக்டர்களாம். ஆகவே அவர்கள் செய்ததற்குத் தான் பொறுப்பில்லையாம்! நடுவர் இதை ஏற்கவில்லை.

ஆலையில் காண்டிராக்ட் முறையைக் கண்ட தொழிலாளிக்கு இந்த வாதம் புதிதா? கூலி கேட்டாலும், விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்டாலும், "அவன் எங்கள் ஆளே அல்ல" என்ற அதே பதில்தான்!

அந்த நாய் சாதாரண நாயல்ல. முதல் உலக யுத்தத்தில் விஷப் புகையாலும் குண்டாலும் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக, 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் ஸ்டாலிங் முதல் பயிற்சிப் பள்ளியைத் துவக்கினார். மாரிஸ் பிராங்க் என்ற அமெரிக்க வாலிபர், இரண்டு விபத்துகளில் இரண்டு கண்களையும் இழந்தவர். 1928ல் அவர் இத்தகைய நாய் தேடி சுவிட்சர்லாந்து போனார். பார்வையற்றவர் தனியே பிரயாணம் செய்வதா என்று, ஒரு கம்பெனியின் பொறுப்பில் பார்சலைப் போல அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவரோ, பட்டி என்ற நாயின் துணையுடன் நியூயார்க்கின் நெரிசல் மிக்க வீதியை நிருபர்கள் கண்ணெதிரே கடந்து காட்டினார்.

1929ல் அவரும், அவருக்கு நாய் தந்த டாரதி யூஸ்டிஸ் அம்மையாரும் 'சீயிங் ஐ' என்ற ஸ்தாபனத்தை நிறுவினார்கள். லாப நோக்கமில்லாத ஸ்தாபனம். நியூஜெர்சியில் இன்றும் நடக்கிறது. குட்டிகளைத் தொண்டர்கள் தங்கள் வீட்டில் வளர்த்துத் தருகிறார்கள். பிறகு பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். முடிவில், நாயைப் பெறுபவரும் அங்கேயே தங்கி நாயோடு சேர்ந்து பயிற்சி பெறுகிறார்.

போகும் இடம் நாய்க்குத் தெரியாது. இடமா, வலமா என்று மனிதர்தான் கட்டளையிடுகிறார். பள்ளம், படி, தலையில் இடிக்கும் கிளை ஆகியவற்றிலிருந்து நாய் காக்கிறது. எதிரே கார் வரும்போது "போ" என்றாலும் அது நகராது. ஆபத்தான கட்டளையை மீறவும் அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்!

ஒரு நாயைப் பழக்கப் பல ஆயிரம் டாலர் பிடிக்கும். ஆனால் 1934 முதல், முதல் நாய்க்கு 150 டாலரே கட்டணம். பணமில்லை என்று எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. இது பிச்சையல்ல, தன் நாய் என்று அவர் தலைநிமிர்ந்து நடக்கவே இந்தக் கட்டணம். பாக்கிச் செலவை நன்கொடையாளர்கள் ஏற்கிறார்கள். பாராட்டத்தக்க பணி.

ஆனால் நன்கொடையால் நாயைத் தர முடியுமே தவிர, கதவைத் திறக்க முடியாது. அன்று ரயில்களில் நாயைச் சாமான் வண்டியில் போடச் சொன்னார்கள். ஓட்டல்கள் வாசலிலேயே மறித்தன. பிராங்க் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். 1935க்குள் ரயில் கம்பெனிகள் பணிந்தன. 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்தது. 1990ல் நாடு முழுமைக்கும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது.

அப்படியும் 2025 செப்டம்பரில், நாயோடு வருபவரை ஏற்ற மறுப்பது உள்ளிட்ட புகார்களின் பேரில், அமெரிக்க சர்க்காரே ஊபர் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது.

இதைப் பார்வையற்றவருக்கும் டிரைவருக்கும் நடக்கும் சண்டையாக எவரும் ஆக்கிவிடக் கூடாது. மறுப்பது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரைவரும் உழைத்துப் பிழைப்பவர்தான். கார் அவருடையது, பெட்ரோல் அவருடையது, வண்டியில் உதிரும் நாய் ரோமத்தைத் துடைக்கும் நேரமும் அவருடையது. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. டிரைவருக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதும், அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பதும், விதியை அமல் நடத்துவதும் வாடகையில் பங்கு எடுக்கும் கம்பெனியின் கடமை.

வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்றுதான் அந்தப் பெண் கேட்டார். சங்கு ஊதுவதற்குள் ஆலை வாசலை அடைய ஓடுகிறவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் நியாயம் புரியும். நாய் அவரை வீதி கடத்திவிடும். காரின் கதவைத் திறக்க வைப்பது சட்டம். அந்தச் சட்டத்தை ஏட்டில் தூங்கவிடாமல் காப்பது உழைக்கும் ஜனங்களின் ஒன்றுபட்ட குரல்!