கதைக்கு மொய் எழுதாதீங்க

கதைத் தளத்துல ஒரு கதையைப் போட்டா, பத்து நிமிசத்துக்குள்ள நாலு பேர் வந்துடுறாங்க. 'அருமை'. 'செம சகோ'. 'சூப்பர், வாழ்த்துகள்'. நாலாவது ஆள் கைகூப்புற பொம்மை மட்டும். நான் போடுற கதையை நிதானமாப் படிக்க இருபது நிமிசம் வேணும். பத்து நிமிசத்துல அது அருமைன்னு எப்படித் தெரிஞ்சுது?

இந்தப் பக்கத்துல நான் வயல், மாடு, மழைன்னு எழுதுறதைப் படிக்கிறவங்கள்ல பல பேர் என் கதைகளையும் தேடிப்போய்ப் படிக்கிறீங்க. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு டவுன்ல இருக்கிறவங்க. உங்களை நம்பித்தான் இதை எழுதுறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

எங்க பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி வந்தா மொய் விருந்து நடக்கும். கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. மொய் வாங்கவே பத்திரிகை அடிச்சு, பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கிப் போடுவாங்க. நான் உங்களுக்கு அஞ்சாயிரம் செஞ்சிருந்தா, என் விருந்துக்கு நீங்க அந்த அஞ்சாயிரத்தோட மேல கொஞ்சம் சேர்த்துச் செய்யணும். எல்லாம் நோட்டுல இருக்கும். நான் அதைக் குறை சொல்லல. அந்தக் காசுல போர் போட்டவங்க, பொண்ணைக் கட்டிக்கொடுத்தவங்க எத்தனையோ பேர். ஆனா அங்க குழம்புல உப்பு சரியா இருந்துச்சான்னு யாரும் பேச மாட்டாங்க. வந்த வேலை வேற.

கதைத் தளங்கள்ல இப்ப நடக்கிறதும் இந்த மொய்தான். நீ என் கதைக்கு அஞ்சு நட்சத்திரம் போடு, நான் உன் கதைக்குப் போடுறேன். சில பேர் 'அருமை'ன்னு எழுதி, அதுக்குக் கீழேயே தன்னோட கதை இணைப்பையும் ஒட்டிட்டுப் போறாங்க. மொய்யிலயாவது கொடுத்த பணம் பணமாத் திரும்பி வருது. இதுல என்ன வருது? படிக்காத ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொடுத்துக்கிட்டதுதான் மிச்சம்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனா யாரும் 'அருமையான நெல்லு'ன்னு சொல்றதில்ல. ஒரு பிடி அள்ளி ஈரம் பார்ப்பாங்க. விதிப்படி 17 சதவீதத்துக்கு மேல இருந்தா, காயவச்சு எடுத்துட்டு வாம்பாங்க. கருக்காய் எவ்வளவு, தூசி எவ்வளவுன்னு பார்ப்பாங்க. நமக்குக் கோபம் வரும். ஆனா அடுத்த தடவை களத்துல என்ன செய்யணும்னு தெரிஞ்சுடும். கதை எழுதுறவனுக்கு அந்த ஈரம் பார்க்கிற ஆள் வேணும். அது நீங்கதான். வேற யாரு இருக்கா? பத்திரிகைக்கு அனுப்பினா பதில் வர்றதே அபூர்வம். எங்க ஊர்ல என் கதையைப் படிக்கிறவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

டவுன் வாசகர்கள்கிட்ட எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. அது 'மண்வாசனை'ங்கிற வார்த்தை.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சு எங்க பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துப்போச்சு. பிள்ளை மாதிரி வளர்த்த மரம் அத்தனையும் ஒரே ராத்திரியில போச்சு. திரும்பக் கன்னு வச்சுக் காய் பார்க்க வருசக்கணக்கா ஆகும். விழுந்த மரத்துக்கு நடுவுல நின்ன ஒரு மனுசனைப் பத்திக் கதை எழுதினேன். வந்த பின்னூட்டத்துல பாதி 'மண்வாசனை வீசுகிறது', 'கிராமத்துக்கே போய் வந்த மாதிரி இருந்தது'. அய்யா, அதுல வீசினது மண்வாசனை இல்ல. மட்டையும் குருத்தும் அழுகின நாத்தம். ஒருத்தன் வாழ்க்கை போச்சுன்னு சொன்னா, உங்க தாத்தா ஊர் ஞாபகம் வந்துச்சுன்னு சந்தோசப்படுறீங்க. உங்க ஞாபகம் உங்களுக்குப் பெரிசு, சரி. ஆனா அந்த ஆளு என்ன ஆனான்னு ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

கேட்டவங்க ஒருத்தர் இருந்தாங்க. ஒரு வாசகி, பேர் வேண்டாம். 'அவர் விழுந்த மரத்தைத் தடவிப் பார்க்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தேன். கணக்கெடுக்க வந்த அதிகாரி பேச ஆரம்பிச்சதும் செய்தி படிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அவர் சம்சாரம் கதை முழுக்க வாயே திறக்கலையே, ஏன்?' மூணே வரி. அந்தக் கேள்வி ஒரு வாரம் வரப்புல என்கூடவே நடந்துச்சு. அப்புறம் அந்த அம்மா பேசறதையே தனிக் கதையா எழுதினேன். நூறு 'அருமை' எனக்கு ஒரு கதையும் கொடுக்கல. இந்த மூணு வரி கொடுத்துச்சு.

'ஓசியில படிக்கிறோம், எங்களுக்கு என்ன கடமை?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். படிச்சுட்டுப் பேசாமப் போங்க, ஒரு வருத்தமும் இல்ல. ஆனா படிக்காம பாராட்டாதீங்க. கடையில வாங்காமப் போறது வேற, செல்லாத நோட்டைக் கொடுத்துட்டுப் போறது வேற.

'குறை சொன்னா புதுசா எழுதுறவங்க மனசு ஒடிஞ்சுடுமே'ன்னும் சொல்வாங்க. பொம்பளைப் பிள்ளைங்க எழுதுற கதைக்குக் கீழ கேவலமா எழுதுறவன் இருக்கான். அவன் செய்யறது விமர்சனம் இல்ல, அவனை நான் கணக்குலயே சேர்க்கல. அக்கறையாக் குறை சொல்றது மனசை ஒடிக்காது. பொய்ப் பாராட்டுதான் ஒடிக்கும். இருநூறு 'சூப்பர்' வாங்கின பிள்ளை அந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பி, அங்க தேறாமப் போறப்ப, தன்கிட்ட என்ன குறைன்னே தெரியாம எழுதுறதையே விட்டுடுது. அந்தப் பாவம் யாரைச் சேரும்?

கோவில்பட்டி பக்கம் இடைசெவல்னு ஒரு சின்ன ஊர். அங்க கி. ராஜநாராயணன்னு ஒரு விவசாயி, கு. அழகிரிசாமின்னு அவர் சேக்காளி. ரெண்டு பேரும் எழுத்தாளர் ஆனாங்க. அழகிரிசாமிக்கு 1970இலும் கி.ரா.வுக்கு 1991இலும் சாகித்ய அகாதமி விருது கிடைச்சுது. அழகிரிசாமி வெளியூர் போன பிறகும் கடிதம் நிக்கல. இலக்கியம், சங்கீதம்னு பக்கம் பக்கமா எழுதினார். கி.ரா.வுக்கு அவர் எழுதின கடிதங்கள் தனிப் புத்தகமாவே வந்திருக்கு. கரிசல்காட்டுல ஏர் பிடிச்ச ஆளுக்கு மனசு விட்டுப் பேச ஒரு ஆள் இருந்தாரு. இப்ப எழுதுற விவசாயிக்கு அந்த ஆளு செல்போனுக்குள்ளதான் கிடைக்கணும். கிடைக்கிறது கைகூப்புற பொம்மை.

பெரிசா ஒண்ணும் கேட்கல. கருத்து எழுதினா மூணு விசயம் சொல்லுங்க. எந்த இடத்துல அலுப்புத் தட்டுச்சு? எந்த ஆளை நம்ப முடியல? படிச்சு முடிச்சதும் எது மனசுல நின்னுச்சு? இலக்கணம் தெரிய வேண்டாம், விமர்சகர் ஆகவும் வேண்டாம். சாப்பிட்டவனுக்கு உப்பு தெரியும், அது போதும். எங்க ஊர்ப் பேச்சை எழுத்துப்பிழைன்னு மட்டும் திருத்தாதீங்க.

எழுதுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். மூணு நட்சத்திரம் போட்டவர்கிட்ட மல்லுக்கு நிக்கிறது, சொந்தக்காரங்களைக் கூட்டிவந்து பதிலுக்குத் திட்ட விடுறது, ஆளையே தடுத்து வைக்கிறது, எல்லாத்தையும் விடுங்க. ஒருத்தர் சொன்னா கேட்டுக்குங்க. மூணு பேர் ஒரே இடத்தைச் சொன்னா, அந்த இடத்தை எடுத்து வச்சுப் பாருங்க. கதையோட கடைசியில 'எப்படி இருந்தது?'ன்னு கேட்காதீங்க. அதுக்கு 'அருமை'தான் பதிலா வரும். 'முடிவு சரியா?', 'அந்தப் பெரியவர் மேல கோபம் வந்துச்சா?'ன்னு குறிப்பாக் கேளுங்க. கேட்கிற மாதிரி கேட்டா சொல்ற ஆளுங்க இருக்காங்க.

அடுத்த கதை சம்பா நடவு முடிஞ்சதும் போடுவேன். படிச்சா, உப்பு இருக்கா இல்லையான்னு சொல்லிட்டுப் போங்க. மொய் எழுதணும்னா ஆடி மாசம் எங்க ஊருக்கு வாங்க, கறிச்சோறாவது கிடைக்கும்.