பேராறு இல்லாத மண்ணிலும் நாகரிகம் வளரும்

வற்றாத பேராறு பாய்ந்தால்தான் பழைய நாகரிகம் தோன்றும், ஆகவே வானம் பார்த்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்குத் தொன்மை கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படும் சிந்து வெளியே அதை மறுக்கிறது. காலிபங்கன் அமைந்த கக்கர் படுகை பற்றி 2017இல் வெளியான மண்படிவ ஆய்வின்படி, இமயத்து நீரைக் கொண்டுவந்த சட்லெஜ், அங்கே நகரங்கள் எழுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தடம் மாறிவிட்டது. அது விட்டுச்சென்ற பள்ளத்தாக்கில் பருவமழை நீரை நம்பியே மக்கள் குடியேறினர். கட்ச் பகுதியின் தோலாவிராவும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மான்சர், மன்ஹர் ஓடைகளின் நீரைத் தேக்கி வாழ்ந்த நகரமே. ஆற்றின் அளவைவிட, கிடைக்கும் நீரை நிறுத்திவைக்கும் அறிவே அந்த நகரங்களைத் தாங்கியது.

திண்டிவனம் பகுதியின் நிலமும் மழையும் இதே அறிவைக் கோரின. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்கிறது. செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி கோடையில் மணலாகக் கிடக்கும். ஆனால் நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிவதால், குறுக்கே ஒரு கரை போட்டால் நீர் தேங்கும். ஓர் ஏரியின் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். இந்த வட்டாரமே சங்க காலத்தின் ஓய்மாநாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்குப் பாணனை ஆற்றுப்படுத்துகிறது. அந்தக் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பேராறு இல்லாத சிறு நாட்டில் கடற்கரைப் பட்டினமும் மேய்ச்சல் நிலமும் நெல்வயலும் அடுத்தடுத்து இருந்தன.

ஏரிகள் பல்லவர் காலத்தவை அல்லவா என்று கேட்கலாம். ஏரி பற்றிய கல்வெட்டுகள் பெருகியது அப்போதிலிருந்துதான். ஆனால் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கும்படி பாண்டியனுக்கு அறிவுரை கூறும் புறநானூற்றின் 18ஆம் பாடல் அதற்கு முந்தையது. சங்கராபரணியின் கழிமுகத்து அரிக்கமேடு ரோமானியர் கொடுத்த வாழ்வுதானே என்பது அடுத்த கேள்வி. 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அதை ரோமானிய வணிகத்தோடு பிணைத்துப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வோ, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது.

ஓய்மாநாட்டில் ஒரு ஹரப்பா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. பெருநகர் எழாததால் பண்பாடே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் பிழை. அந்தப் பிழையால் நம் தேடல் பேராற்றங்கரைகளைவிட்டு நகர மறுக்கிறது. ஏரிக்கரை மேடுகளையும் மரக்காணத்துக் கழுவெளி ஓரங்களையும் அகழாய்வு வரைபடத்தில் சேர்ப்பதே இந்த மண்ணுக்கு நாம் செய்யவேண்டிய நியாயம்.