கிள்ளான் மழையும் ஆழ்கடல் அலையும்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரைமேல் ஏறிப் படகுக்குக் காத்திருந்தார்கள். அதன்பின் வடிகால், ஆற்றங்கரை, எச்சரிக்கை முறை என்று நிறையவே பேசியாயிற்று. அந்த மழையைக் கொண்டுவந்த தாழ்வழுத்தம் தென்சீனக் கடலில் உருவானது; அந்தக் கடலின் ஆழத்தில் நடப்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

கடலின் மேல்நீர் வெதுவெதுப்பானது, இலேசானது. அடிநீர் குளிர்ந்தது, கனமானது. ஓதம் இந்த நீரைக் கடலடி மேடுகளின்மேல் ஏற்றி இறக்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை அலையாக எழும்புகிறது. இதுதான் உள்ளலை. 1970களில் அந்தமான் கடலில் எண்ணெய் தேடிய துளையீட்டுக் கப்பலுக்கு இது பெரும் தலைவலி. அங்கே அளந்ததை ஆஸ்பர்ன், பர்ச் இருவரும் 1980இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். நீருக்கடியில் அலையின் உயரம் சுமார் 60 மீட்டர். மேலே தெரிந்ததோ, அமைதியான கடலின் குறுக்கே கொந்தளித்து நகர்ந்துவரும் ஒரு நீண்ட பட்டை மட்டும். மலாக்கா நீரிணையின் வடக்கு வாசல் அந்தக் கடலில்தான் திறக்கிறது.

நீரோட்டம் இந்த அலைகளை வளைக்கிறது, சில இடங்களில் தடுத்தும் நிறுத்துகிறது. அலை உடையும் இடத்தில் குளிர்நீர் மேலே கலக்கிறது. நீரோட்டத்தின் வேகமும் மாறுகிறது. ஆனால் உலகக் கடலோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் பெரும்பாலும் பத்து முதல் நூறு கிலோமீட்டர். இந்த அலைகளில் பல சில கிலோமீட்டர் அகலம்கூட இல்லாதவை. கட்டத்துக்குள் சிக்காததைச் சூத்திரம் போட்டு ஈடுகட்டுகிறார்கள்.

சூத்திரத்தில் போடும் எண் எந்தக் கடலில் அளந்தது?

இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான கேள்வியல்ல. இந்தோனேசியக் கடல்களில் ஓதத்தால் நீர் கலப்பதை ஏரியான் கோக்-லாரூய் குழுவினர் மாதிரியில் சேர்த்தபோது மேல்நீர் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. மேலே எழும் மழைமேகமும் குறைந்தது. வெப்பமண்டலக் கடலில் அரை டிகிரி என்பது மழையின் போக்கையே மாற்றக்கூடியது.

பெரிய கணினி வாங்கினால் இந்தக் குறை தீரும் என்பது பாதி உண்மைதான். அளவீடு இல்லாத இடத்தில் நுண்ணிய கட்டமும் ஊகத்தையே கணக்கிடும். சபா கடலில் 2007இல் கிக்கே வயல் எண்ணெய் தரத் தொடங்கியதிலிருந்து மலேசியா ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கிறது. நீரோட்டத்தை அளக்காமல் அந்த வேலை நடக்காது. பெட்ரோனாஸும் அதன் பங்காளி நிறுவனங்களும் பழைய நீரோட்ட, வெப்பநிலைப் பதிவுகளை வானிலைத் துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிட வேண்டும். வணிக ரகசியம் இருந்தால் அதை நீக்கிவிட்டே கொடுக்கட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும்.