கறுப்புக் காரும் காய்ந்த துணியும்

கறுப்புக் கார் வாங்கிய வீட்டில் முதல் மாதம் பெருமை, ஆறாம் மாதம் கவலை. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாய்க் கீறல்கள்! எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசு துடைத்த என் கைதான் காரணம் என்பது பிறகே விளங்கியது.

நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற பூச்சொன்று உண்டு. தலைமுடியின் பருமன்கூட இராது. தூசிலுள்ள நுண்மணல் அதில் கோடு போடுகிறது. வெள்ளைக் காரிலும் கீறல் விழும். கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

ஆகவே சகோதரிகளே, காய்ந்த துணியை மறந்துவிடுங்கள். காரை நிழலில் நிறுத்தி, சூடு ஆறியபின் நிறையத் தண்ணீர் ஊற்றி முதலில் மணலை அகற்றுங்கள். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறுந்தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறுந்தண்ணீரில் அலசிய பின்பே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி. நிலத்தில் விழுந்த துணி அன்று மீண்டும் காரில் படவே கூடாது. ஈரத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

காக எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டுச் சற்று ஊறவிட்டால் தானே வரும். விழுந்துவிட்ட கீறலைப் பொலிஷ் போட்டு நீக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொலிஷும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சத்தைத் தேய்த்துக்கொண்டுதான் போகும்.