ஆருக்கு விலத்துறது?

கொக்குவில் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம். மைமல் பொழுது. ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டுகிறது. ஐயோ, ஆர் வீட்டுப் பிள்ளைக்கு என்னவோ என்று நெஞ்சு திக்கென்றது. காங்கேசன்துறை வீதியில் ஓரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காலை வாய்க்கால் கட்டில் ஊன்றி, வண்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கடந்து போனது ஒரு ஓட்டோ. உள்ளே ரியூசன் முடிந்த நாலு பிள்ளைகளும் ஒரு மூட்டை வெங்காயமும். ஓட்டிய தம்பி திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். கந்தோருக்குப் போய்வரும் வழியில் பத்துக்குக் குறைந்து ஒரு நாளும் இல்லை. மோட்டார் சைக்கிள் இலக்கத்தகட்டின் கீழே ஒன்று, ஹயஸின் முன் கிறிலுக்குள் இரண்டு, கல் ஏற்றும் டிப்பரின் நெற்றியில் ஒரு வரிசை. தனியார் பஸ்களைச் சொல்லவே வேண்டாம், திருவிழாச் சப்பறம் தோற்றுப்போகும். சிலபேர் சைரன் சத்தம் போடுகிற கோனும் பூட்டியிருக்கிறார்கள். உதிரிப்பாகக் கடையில் இந்த லைற்றுகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. பன்னிரண்டு வோல்ற்றா, இருபத்துநாலா என்று கேட்பார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

லைற் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஸ்டிக்கர் இருக்கிறது. 2020இல் ஊரடங்குக்கு ஒட்டியது, 2022இல் பெற்றோல் வரிசைக்கு ஒட்டியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு காரில் ‘அத்தியாவசிய சேவை’ இன்னும் மங்காமல் இருக்கிறது. கார்க்கார அண்ணை இளைப்பாறிக் கனகாலம். இப்போது அவர் செய்கிற ஒரே சேவை, காலமை பாண் வாங்கி வருவது. அதுவும் அத்தியாவசியம்தான் என்றால் நான் என்ன சொல்ல!

இதில் வந்த வினையைக் கேளுங்கள். போன மாதம் ஆஸ்பத்திரி வீதி. கண்ணாடியில் பழையபடி அதே வெட்டு. “போடா மோனை, நீயும் உன்ரை ஓட்டோவும்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நான் அசையவில்லை. எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸும் அசையவில்லை, பக்கத்தில் போன கன்ரரும் அசையவில்லை. சைரன் கேட்டதுதான், ஆனால் அதையும் ஆர் நம்புகிறார்கள்? கடைசியில் ஓட்டுநர் கையை வெளியே விட்டுக் கதவில் படார் படார் என்று அடித்தார். திரும்பிப் பார்த்தால் 1990 அம்புலன்ஸ். அது என்னை உரசிக்கொண்டு போகும்போது பின் கண்ணாடிக்குள்ளே சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை. பெரியாஸ்பத்திரி வாசல் கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது. அந்த இடத்தில்தான் நான் வீம்புக்கு வழிமறித்து நின்றிருக்கிறேன்.

அந்த அம்புலன்ஸ் ஒன்றும் லேசில் வந்ததில்லை. இந்திய உதவியோடு 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை. வடக்குக்கு வர 2018 யூலை ஆனது, தொடக்க விழாவும் யாழ்ப்பாணத்தில்தான் நடந்தது. காசு இல்லை, கடிதம் இல்லை, நாலு இலக்கத்தை அழுத்தினால் வீட்டு வாசலுக்கே வரும். என் வயதுக்காரருக்கு 1990 என்றால் முதலில் ஞாபகம் வருவது வேறு. அந்த யூனில் திரும்பச் சண்டை தொடங்கியது, கரண்ட் போனது. பிறகு வருடக்கணக்காக ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டோம். மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இரவில் ஹெலிக்குப் பயந்து லைற் போடாமல் ஊர்ந்தன. ஆமி வந்த பிறகு இன்னொரு சட்டம். சென்றிக்குக் கிட்டப் போனால் முன் லைற்றை அணைத்து உள் லைற்றைப் போட வேண்டும், முகம் தெரிய வேண்டும். மறந்துபோனவர்களுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிச்சத்தை அவ்வளவு கணக்காகப் பாவித்த சனம் நாங்கள்.

மாமாவின் மகன் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். வேலை வேறு, ஆனால் ஊர்த் தீயணைப்பில் தொண்டர். கனடாவில் தீயணைப்புக்காரரில் பெரும்பாலானோர் இப்படித் தொண்டர்கள்தானாம். அழைப்பு வந்தால் சொந்தக் காரில் ஓட வேண்டும். அதற்காக ஒன்ராறியோவில் அவர்களுக்கு ஒரு மினுங்குகிற பச்சை லைற். அவசரத்துக்குப் போகும்போது மட்டும்தான் போடலாம். அதைப் பார்த்து விலத்த வேண்டும் என்று சட்டம் இல்லை, மரியாதைக்கு விலத்துகிறார்கள். வழி கேட்கிற லைற், வழி பறிக்கிற லைற் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன் பின்னேரம் என்னோடு ரவுணுக்கு வந்தான். கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, இஞ்ச இவ்வளவு பேரும் தீயணைப்பிலயோ?”

தீயணைப்பைப் பற்றி எங்களுக்கா தெரியாது? ஒரு பங்குனி வெய்யிலில் எங்கள் பின்வளவுக் கிடுகு வேலி பற்றிக்கொண்டது. குப்பை கொளுத்திய பொறி. மாநகரசபையின் தீயணைப்பு வண்டிக்குச் சொன்னோம். அது ரவுணிலிருந்து வருவதற்குள் நெருப்பு பனை வடலியில் ஏறிவிட்டது. முதலில் வந்தது ஆர் தெரியுமா? தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணி இறைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வளவு அண்ணை. வாட்டர் பம்மையும் ஹோசையும் லான்ட்மாஸ்டர் பெட்டியில் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டக டக என்று வந்து எங்கள் கிணற்றில் இறக்கினார். பெண்கள் வாளியோடு வரிசை கட்டினோம். அரை மணியில் அணைந்தது. அந்த லான்ட்மாஸ்டரில் முன் லைற் இரண்டில் ஒன்று எரியாது, மற்றது வானத்தைப் பார்க்கும். ஹயஸில் நீல லைற் பூட்டிய தம்பி மதிலுக்கு மேலால் வீடியோ எடுத்தான்.

பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 தையில் ‘கிளீன் சிறீலங்கா’ என்று நாடு முழுக்கப் பிடித்துப் பிடித்துக் கழற்றினார்கள். மேலதிக லைற், கோன், அலங்காரம் எல்லாம். பஸ்காரரும் ஓட்டோக்காரரும் குய்யோ முறையோ என்றார்கள். எங்கள் வீதி கொஞ்ச நாள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பூத்துவிட்டது. இந்தியாவில் 2017 மே முதலாம் திகதியோடு மந்திரிமாரின் சிவப்புச் சுழல் விளக்கையே கழற்றச் செய்தார்களாம். இங்கே மூட்டை வெங்காயத்துக்குச் சுழல்கிறது.

இவ்வளவும் எழுதுகிறேனே, என் வீட்டு முற்றத்தில் நிற்கிற மோட்டார் சைக்கிளில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் பாவம். மகன் பூட்டியது. பின் சில்லுக்கு மேலே, சிவப்பும் நீலமும். “அம்மா, அது சும்மா டிசைன்.” ஸ்குறூ ட்றைவரோடு நானே இறங்கினேன். பிரேக் லைற் வயரோடு சேர்த்து முறுக்கி ரேப் சுற்றி வைத்திருக்கிறான். இதை வெட்டினால் அதுவும் போய்விடும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோய்க் கழற்றுவதாகச் சத்தியம் பண்ணினான். நேற்றோடு மூன்று ஞாயிறு.