அந்த ஞாயிற்றுக்கிழமை விடுபட்ட ஒரு படி

மூன்று வேளாண் சட்டங்களையும் ரத்து செய்யும் மசோதா, 2021 நவம்பர் 29 அன்று இரண்டு அவைகளிலும் ஒரே நாளில் நிறைவேறியது. ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டத்தின் முடிவைப் பலரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியது இன்னொரு நாளை: 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை.

கொரோனா காலம் என்பதால் மாநிலங்களவை அப்போது காலை 9 முதல் 1 மணி வரைதான் கூடியது. விளைபொருள் வணிகம், ஒப்பந்தப் பண்ணையம் ஆகிய இரண்டு மசோதாக்களும் அன்று விவாதத்துக்கு வந்தன. கேரளத்தின் கே.கே.ராகேஷ், நம் திருச்சி சிவா உள்ளிட்டோர் அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரினர். ஒரு மணியைத் தாண்டி அவையை நீட்டித்ததில் தகராறு தொடங்கியது. உறுப்பினர்களின் வாக்குகளை எண்ண வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்றார் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அன்று யார் நடந்துகொண்டது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்கு உறுத்துவது தேர்வுக் குழு விடுபட்டதுதான்.

அந்தக் குழுவில் மசோதாவைப் பிரிவு பிரிவாகப் படிப்பார்கள், விவசாயிகளையும் அழைத்துக் கேட்பார்கள். பான் அட்டை மட்டும் வைத்திருப்பவர் உங்கள் களத்துக்கே வந்து நெல் வாங்கலாம், பணத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தரலாம் என்றது அந்தச் சட்டம். வாங்கியவர் காணாமல் போனால்? கோட்டாட்சியரிடம் போக வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. பல்லடம் பக்கம் ஒப்பந்தத்தில் கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கேளுங்கள், கணக்கில் தகராறு வந்தால் சிறு பண்ணைக்காரர் எங்கே நிற்பார் என்று சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2020 டிசம்பரில் மத்திய அரசே எழுத்துமூலம் முன்வைத்த திருத்தங்களில் இவை இருந்தன: வணிகர்களைப் பதிவு செய்யலாம், நீதிமன்றத்துக்குப் போக வழி விடலாம். செப்டம்பரில் ஒரு குழு அறையில் பேசி முடித்திருக்க வேண்டியதை, டெல்லி எல்லையில் குளிரில் விவசாயிகளை உட்காரவைத்த பிறகு பேசினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

குழு என்றாலே இழுத்தடிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1999இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குப் போனது. அதன் பிறகே 2001 சட்டத்தில் விவசாயிகளின் உரிமைகள் தனி அத்தியாயமாக விரிவடைந்தன. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட நீங்கள் எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கு விற்கலாம். முத்திரையிட்ட விதையாக விற்கத்தான் கூடாது. இரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு இது நல்ல விளைச்சல்தானே?

2004இல் மாநிலங்களவையில் அறிமுகமான விதை மசோதா, நிலைக்குழு அறிக்கை 2006இல் வந்தும் இன்னும் சட்டமாகவில்லை. அது எந்த வடிவத்திலும் திரும்ப வரலாம். தமிழகத்துக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் உழவர் மன்றமோ உற்பத்தியாளர் நிறுவனமோ இப்போதே அவர்களுக்குக் கடிதம் எழுதலாம்: முளைக்காத விதைக்கு யார், எத்தனை நாளில் இழப்பீடு தருவது என்று தெளிவாகச் சொல்லும் பிரிவு வேண்டும், மசோதா எப்போது வந்தாலும் குழுவுக்குப் போக வேண்டும்.